தொண்ணூற்றாறு குழி

ஒடுகத்தூர் தாண்டி ஒரு வேப்பமரத்தில்
ஏறிக்கொண்டிருந்த சீந்திலை
இரண்டு முழம் வெட்டிவந்தேன்.
சாகாமூலி என்று அதற்கு இன்னொரு பெயர்.
பாதியைக் காயவைத்து இடித்து ஆல்கஹாலில் ஊறவிட்டேன்.
மீதியை லாட்ஜ் ஜன்னல் ஆணியில் மாட்டியதோடு சரி.

ஆய்வகப் பெட்டிக்குள்
எப்போதோ இறந்துபோன ஒருத்தியின்
மார்பிலிருந்து எடுத்த செல்கள்
இளஞ்சிவப்புத் திரவத்தில் இன்னும் பெருகுகின்றன.
புட்டியில் அவள் பெயர் இல்லை, எண் இருக்கிறது.
இரண்டு நாளைக்கொரு தரம் தீனி மாற்றுகிறேன்.
உள்ளே முப்பத்தேழு டிகிரி.
வெளியே வேலூர் நாற்பத்திரண்டு.
எங்களைவிடப் புற்று குளுமையாக இருக்கிறது.

உடம்புக்குத் தத்துவம் தொண்ணூற்றாறு என்பார்கள்.
என் பிளாஸ்டிக் தட்டிலும் தொண்ணூற்றாறு குழி.
யார் யாரைப் பார்த்து எழுதினார்களோ.
சாற்றைச் சொட்டுவிட்டு
மூன்றாம் நாள் மஞ்சள் சாயம் ஊற்ற வேண்டும்.
உயிரிருந்தால் ஊதாவாகும்.
இல்லாவிட்டால் மஞ்சள் மஞ்சளாகவே கிடக்கும்.
மஞ்சள் மங்கலம் என்பது
இந்த ஓரிடத்திலாவது சரி.

ஒன்பதாம் அறை மிதாலி பௌரி
பாங்குராவிலிருந்து காட்பாடியில் வந்து இறங்கியவள்.
நாலாவது கீமோ. தலையில் கணவனின் மஃப்ளர்.
காந்தி ரோட்டின் வங்காளப் பலகைகளை
சொந்தக்காரரை விசாரிப்பதுபோல
ஒவ்வொன்றாய் நின்று வாசிப்பாள்.
ஜன்னல் கொடியைப் பார்த்து, "குலஞ்சோ?" என்றாள்.
அவள் ஊர் வேலியிலும் அது உண்டாம்.
அடுத்த கேள்வியை
என் அரைகுறை இந்திக்காக மெதுவாய்க் கேட்டாள்:
வேலை செய்யுமா?

வியாழன் இரவு தட்டு மஞ்சளித்தது.
ஐந்து வரிசை, ஒரு பொட்டு ஊதா இல்லாமல்.
கை நடுங்கியது, பொய் சொல்வானேன்,
தலைப்பைக்கூட மனசுக்குள் எழுதிவிட்டேன்.
பிறகு ஆறாம் வரிசையைப் பார்த்தேன்.
அதில் சீந்திலே இல்லை.
கரைத்த ஆல்கஹாலை மட்டும் விட்டிருந்தேன்.
அதுவும் மஞ்சள்.
ஏழிலும் எட்டிலும்
என் முழங்கையிலிருந்து எடுத்த வெள்ளணுக்கள்,
காவலுக்கு நிற்கிறவர்கள்,
கொடி அவர்களைத் தட்டியெழுப்புமா என்று பார்க்க வைத்தவை.
எல்லாம் மஞ்சள்.

அமிர்தம் கொல்லவில்லை. சாராயம் கொன்றிருக்கிறது.

பெனினா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நல்லவேளை, ஆறாம் வரிசை வைத்தாய்" என்றார்.
நோட்டில் எழுதினேன்:
கரைப்பான் அதிகம். மறுபடி.

லாட்ஜ் படியேறும்போது கரண்ட் இல்லை.
மிதாலி என் கதவோரம் நின்றிருந்தாள்.
"அபி மாலூம் நஹீ" என்றேன்.
தலையாட்டினாள்.
எத்தனையோ டாக்டர்கள் சொன்ன வாக்கியம்தான்.
பிறகு செல்போன் வெளிச்சத்தை ஆணிமேல் அடித்தாள்.

மண் இல்லை. யாரும் தண்ணீர் விடவில்லை.
வெட்டுப்பட்ட முனைக்குச் சற்று மேலே
வெள்ளை நூல் ஒன்று தரையைப் பார்த்து இறங்கியிருந்தது.
நேற்றைக்கு இன்று எவ்வளவு என்று
ஒரு விரலைக் குறுக்கே வைத்துக் காட்டினாள்.
"ஜிந்தா" என்றாள்.

ஒப்பிட இன்னொரு கொடி மாட்டவில்லையே
என்று தோன்றியது எனக்கு. சொல்லவில்லை.
மெழுகுவர்த்தி ஏற்றி
நீர்க்கும் கணக்கை முதலிலிருந்து போட உட்கார்ந்தேன்.
அவள் இன்னும் அளந்துகொண்டிருந்தாள்.