ஒன்பதாம் நம்பர் ஷூ

வலது குதி, வெளி ஓரம்,
கடிச்ச பணியாரம் கணக்கா தேஞ்சிருக்கு.
இடது குதிக்கு ஒண்ணுமில்லை.
வலப்பக்கம் சாஞ்சு நின்னு
மணிக்கணக்கா பேசுத ஆளு.
கவுத்துப் பாத்தாலே தெரியும்
வக்கீலா, வாத்தியாரான்னு.
வாத்தியாருக்கு ரெண்டு குதியும் தேயும்.

கொண்டாந்து போட்டது குமாஸ்தா.
"வே, காலைல பத்துக்குள்ள வேணும்.
பெரியவருக்கு நாளைக்கு கேஸ் இருக்கு.
நடந்தா கிறீச்சுங்குது.
போன வாரம் ஜட்ஜம்மாவே
நிமிந்து பாத்துச் சிரிச்சுட்டாவ."

யாருக்குன்னு கேட்டேன்.
"சிவனணைஞ்ச பெருமாள் சார்.
மாநகராட்சி வக்கீல்."

குத்தூசி தோலுக்குள்ள பாதியில நின்னுட்டு.

நாளைக்கு எனக்கும் கேஸ் இருக்கு.
பலவேசம், தகப்பனார் உச்சிமாகாளி,
பாளையங்கோட்டை கோர்ட்டு வாசல், வாகை மரத்தடி,
எதிர் மாநகராட்சி ஆணையாளர்.
ஆக்கிரமிப்பாம்.
ஒருத்தன் டேப்பு வச்சு அளந்து
நாலடிக்கு மூணடின்னு எழுதிட்டுப் போனான்.
நான் இப்ப இதே ஷூவை வச்சு அளந்தேன்:
ஒன்பதாம் நம்பர்,
நீளத்துக்கு நாலு, அகலத்துக்கு மூணு.
அதுக்குள்ளதான்
மூணுகால் இரும்பு, குடை, மெழுகுநூல் உருண்டை,
பாலிஷ் டப்பா, நான்.

என் வக்கீலு ஜெசிந்தா.
சின்னப் பிள்ளை. ஃபீசுன்னு வாயைத் திறக்கல.
அது செருப்பு வாரை ஆடி மாசத்துலருந்து
நாலு தடவை தச்சாச்சு.
எங்களுக்குள்ள கணக்கு அவ்வளவுதான்.

பெருமாள் ஷூவை மடக்கினேன்.
கிறீச்.
மேல்தோலு நல்ல தோலு,
தடவினா கன்னுக்குட்டி காது.
கோளாறு உள்ளே.
உள்தட்டைத் தூக்கினா ஒரு பட்டை இரும்பு,
கருவாட்டு முள்ளு மாதிரி,
அட்டையோட உரசுது.
பவுடர் தூவி, துண்டுத்தோலு ஒட்டி, மூடித் தச்சா
வாயை மூடிக்கிடும்.
பத்து நிமிச வேலை.

மாடத்தி டீ கொண்டாந்தா. சொன்னேன்.
"குதியை மட்டும் மாத்துங்க.
மத்ததை விட்டுருங்க.
அந்தாளு பேச எந்திரிக்கும்போதெல்லாம்
காலும் பேசட்டும்."
சொல்லிட்டு அவளே சிரிச்சா.
எனக்கும் சிரிப்பு.

ஒரு ஆணி,
உள்ளுக்குள்ள அரை நெல்லு உயரம் போதும்,
மனுசனுக்குச் சட்டமெல்லாம் மறந்துரும்.
ஆணி வாயிலதான் இருந்துச்சு,
உதட்டுக்கு நடுவுல,
இரும்பு ருசி.

முருகன்குறிச்சி பக்கத்துலருந்து
பஸ்ஸெல்லாம் லைட்டைப் போட்டுட்டு வருது.
சொல்யூஷன் காயிறதுக்குள்ள
ஒரு முடிவு பண்ணிரலாம்னு
டப்பாவைத் திறந்தேன்.
சொல்யூஷன் சீக்கிரம் காஞ்சிட்டு.

காலைல குமாஸ்தா வந்தான்.
கேட்டது இருநூறு, குடுத்தது நூத்தம்பது.
"பாக்கி பிறகு."

கோர்ட்டு வாசல்ல செருப்பைக் கழட்டினேன்.
"கோயில்னு நெனைச்சியளா"ன்னுச்சு ஜெசிந்தா.
உள்ள ஒருத்தரும் கழட்டல.

பலவேசம், பலவேசம், பலவேசம்.
டவாலி மூணு தரம் கூப்பிட்டான்.
எந்திரிச்சு நின்னு
அவரு வர்றதுக்குக் காது குடுத்தேன்.
கல்லுத் தரை.
ஃபேன் சுத்துறது கேக்குது,
கட்டு புரட்டுறது கேக்குது,
வெளியே எவனோ இருமுறது கேக்குது.
திரும்பினா
என் தோளுக்குப் பக்கத்துல நிக்காரு,
ரெண்டு குதியும் சமமா,
சாயாம.

"ஆக்கிரமிப்பு"ன்னு ஆரம்பிச்சாரு.
நல்லாத்தான் பேசினாரு.
நடுவுல ரெண்டு எட்டு முன்னால வச்சாரு,
ஒரு எட்டு பின்னால.
பூனை நடந்த மாதிரி.
ஜட்ஜம்மா நிமிரவே இல்லை.
நான் தையலைப் பாத்துக்கிட்டிருந்தேன்.
பழைய ஓட்டையிலயே நூலை விட்டிருந்தேன்,
ஒண்ணுகூட விலகல.
ஜெசிந்தா கையைக் கிள்ளிச்சு,
"உங்களைத்தான் கேக்காவ."
என்ன கேட்டாவன்னு எனக்குத் தெரியல.

வாய்தா.
நவம்பர் இருபத்திமூணு.

வராந்தாவுல குமாஸ்தா
என் முகத்தையும் கட்டுல பேரையும்
மாத்தி மாத்திப் பாக்கான்.
பாக்கி அம்பதுன்னேன்.
"கேஸ் முடியட்டும், வே"ங்கான்.