சொறி என்று எழுதுகிறோம்

க்ரூ ரயில் நிலையத்தில் தினமும்
எனக்கு முன்பே மன்னிப்புக் கேட்கத் தொடங்குவது
கூரையில் தொங்கும் ஒலிபெருக்கி.
ஹோலிஹெட் வண்டி பத்தொன்பது நிமிடம் பிந்துமாம்,
அதற்காக மிகவும் வருந்துகிறதாம்.
குரலைப் பதிவு செய்த அன்று அந்தப் பெண்ணுக்கு
எந்த வண்டி என்றே தெரிந்திருக்காது.

அவள் விட்ட மிச்சத்தைச் சொல்ல
மஞ்சள் மேலங்கியோடு ஆறாம் மேடையில் நான்.
சொறி, கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது.
சொறி, இந்த டிக்கெட் அந்த வண்டிக்குச் செல்லாது.
சக்கரப் பெட்டியால் என் காலை நசுக்கியவரிடம்
நான்தான் முதலில் சொன்னேன்.
அவரும் சொன்னார்.
இரண்டும் நடுவழியில் முட்டி
ஒன்றுமில்லாமல் போயின.
கடைசி வண்டியைத் தவறவிட்ட குடிகாரன் மட்டும்
விரலை நீட்டி, ஒருநாள் நீ சொறியாவாய் என்றான்.
சாபத்துக்கும் அதே சொல்.

நாங்கள் அதைச் சொறி என்றுதான் எழுதுவோம்.
லிவர்பூலுக்கு மாறிப்போகும் சென்னைப் பையன் சிரிப்பான்:
எங்கே அரிக்குது அண்ணே?
அவனுடையது சாரி.
ஆறு கஜமா ஒன்பதா என்று நானும் விடுவதில்லை.

டெரிக்கின் நாய் செத்த வாரம்
சொறி என்றேன்.
'நீயா கொன்றாய்? விடு' என்றான்.
திடுக்கிட்டுப் போனேன்.
அந்த நாயை நான் போனில்தான் பார்த்திருக்கிறேன்.
பிறகு, பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி
அவனே விளக்கினான்:
அது வெறும் பெயரடை.
நான் உயரம், நான் ஈரம் என்பது மாதிரி
நான் சொறி.
வேரைத் தோண்டினால் துயரம்கூட இல்லை, புண்தான்.
பிஸ்கட் ஒடிந்து கோப்பைக்குள் விழுந்தது.
'சொறிக் காட்சி' என்றான் எட்டிப் பார்த்து.

புண்.
அப்படியானால் நாங்கள் எழுதுவது
அவ்வளவு பிழையில்லை.

ஆனால் என் மொழியில்
இப்படிச் சும்மா நின்றபடி புண்ணாக முடியாது.
மன்னித்துக்கொள் என்றால்
வேலை முழுக்க உன்னுடையது.
பிழை விட்டவன் நான்,
வினைமுற்று உன் தலையில்.
அதிலும் ஏவல் வினை.

செவ்வாய்க்கிழமை சியாமளிக்கு
மூன்றாம் தடவை டிரைவிங் டெஸ்ட்.
பத்து மணிக்கு வாசலில் நிற்பேன் என்றிருந்தேன்.
ஷிஃப்ட் மாற்றிக் கேட்க மறந்தேன்.
இல்லை, மறக்கவில்லை,
டெரிக்கிடம் கேட்கக் கூச்சப்பட்டேன்.
ரவுண்டபவுட்டில் அவள் தயங்கினாளாம்.
சோதித்தவர் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே
சொல்லச் சொறியாக இருக்கிறது என்று தொடங்கினாராம்.
மீதியை அவள் கேட்கவில்லை.
மழையில் நடந்தே வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

'சொறி' என்றேன் இரவு.
வெங்காயத்தை நிறுத்தாமல் சொன்னாள்:
'ஸ்டேஷன் குரலில எனக்குச் சொல்லாதேங்கோ.
நான் ஹோலிஹெட்டுக்குப் போகேல்ல.'

மேலங்கியைக் கழற்ற மறந்து நின்றேன்.
அடுப்பு வெளிச்சத்தில் நான்தான்
அந்தச் சமையலறையில் அதிகம் மின்னியவன்.
எத்தனை ஆயிரம் பேருக்குச் சொன்ன வாய்,
ஒருத்திக்கு ஒன்றும் வரவில்லை.
வருந்துகிறேன் என்றால் அரசாங்கக் கடிதம்.
மன்னிப்புக் கேட்கிறேன் என்றால் மேடை.
கேத்தில் கொதித்து இரைந்தது.
அந்த இரைச்சலுக்குள்ளே ஒளிந்துகொண்டு
மன்னிச்சுக்கொள்ளும் என்றேன்,
பேசாமல் கூச்சப்பட்டன் என்றேன்.

அவள் திரும்பினாள்.
'சொறி?' என்றாள்.

கடைசி எழுத்து மேலே ஏறியது.
கேட்கவில்லை, திரும்பச் சொல் என்பதா,
சண்டைக்கு முந்திய சொறியா,
தன் பங்குக்குத் தானும் என்பதா,
வெங்காயம் கண்ணில் இருந்ததால்
முகத்திலும் தெரியவில்லை.

கேத்தில் டக்கென்று அணைந்தது.
இனி ஒளிய இடமில்லை.
ஜிப்பை இறக்கினேன்,
மஞ்சளைக் கதிரையில் போட்டேன்,
முதலிலிருந்து தொடங்கினேன்.