சலவைக் கணக்கு

ஆட்டம் முடிந்த ராத்திரி பதினோரு மணிக்குமேல்
வாழப்பாடியிலிருந்து மூட்டை வரும்.
இருபத்திரண்டு சட்டை, இருபத்திரண்டு பேன்ட்.
துண்டுக் கணக்கு மட்டும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.
ஒப்பந்தத்தில் நாலாவது வரி:
பாக்கெட்டில் கிடைப்பதைத் திருப்பித் தர வேண்டும்.

தந்திருக்கிறேன்.
விபூதிப் பொட்டலம். பேரீச்சங்கொட்டை.
நசுங்கிய எலுமிச்சை ஒன்று,
என்னுடையதில்லை என்று பதினோரு பேரும் சொன்னது.

அரிசிப்பாளையத்தில் ஞாயிறு முதல் பூசைக்கு மணி அடிக்கையில்
என் இரண்டு மெஷினும் சுற்றிக்கொண்டிருக்கும்.
லீக் எப்போது முடியும் என்று கேட்டார் பங்குச் சாமியார்.
ஆடிக் கடைசியில் சாமி என்றேன்.
நான் ஆடிக் கணக்கு சொன்னதற்குச் சிரித்தார்.
வராததற்கு ஒன்றும் சொல்லவில்லை.

புதுச் சட்டையைக் கோட்டை மாரியம்மன் காலடியில் வைத்து
மாலையோடு எடுத்து
முதலாளி போட்டோவுக்கு நின்றார்.
அதே வாரம் சுற்றறிக்கை:
உடையிலும் உடம்பிலும்
மதச் சின்னம் தெரியக் கூடாது.
சலவைக்கும் ஒரு நகல்.

நவ்ஃபல் எட்டாம் நம்பர், இடதுகை வேகம்.
நெஞ்சில் அச்சடித்த ரம்மி ஆப்பின் பெயர்மேல்
பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஓடிவருவான்.
பஞ்சில் பெட்ரோல் தொட்டுத் தேய்த்தால்
பசை போகும். எழுத்து போகாது.
ஒவ்வொரு பிளாஸ்திரிக்கும் சம்பளத்தில் பிடிக்கிறோம்,
மீதியை வாங்கிக்கொள்கிறானே, அது எந்தக் காசாம்
என்றார் மேனேஜர்.
என் பில்லும் அந்தக் காசில்தான் தீருகிறது.
நான் வாயைத் திறக்கவில்லை.

தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தபோது
துவைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார் கேப்டன்.
அதற்குப் பெயர் மதம் இல்லையாம், ஃபார்ம்.
நாலாவது தோற்று வந்த மூட்டையை அவிழ்த்தேன்.
வாசலில் படுத்திருந்த நாய்
எழுந்து எதிர்வீட்டுக்குப் போனது.

பூச்சாட்டு முடிந்து
குகைப் பையன் மாதேஸ்வரன் காப்புக் கட்டினான்.
கட்டியவன் கம்பம் எடுக்கும்வரை
ஊர் எல்லை தாண்டக் கூடாது.
வாழப்பாடியே எல்லைக்கு வெளியேதான் என்றார் கோயிலில் ஒருவர்.
ஒரே மாவட்டம்தானே என்றார் இன்னொருவர்.
நத்தம் எந்தக் கணக்கிலும் உள்ளே வரவில்லை.
பஸ் விடியற்காலை ஐந்தரைக்கு.
மணிக்கட்டில் அகலமாக ஒரு வியர்வைப் பட்டை போட்டு
ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தானாம்.
எண்பத்து மூன்று அடித்தான்.
கோயிலில் யாருக்கும்
என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நத்தத்து மூட்டையில் அவன் சட்டை
கைப்பக்கம் மஞ்சளாக வந்தது.
சோப்பில் போட்டதும் சிவந்தது.
ரத்தமா, காயப் படிவம் நிரப்பணுமே
என்று போனில் பதறினார் மேனேஜர்.
மஞ்சள் சார், சோப்புப் பட்டால் சிவக்கும்,
வெயிலில் போட்டால் போய்விடும்.
மஞ்சள் எப்படி வந்தது?
குழம்பாக இருக்கும் சார்.
குழம்பு என்று எழுதிக்கொண்டார்.

பேன்ட் பாக்கெட்டில் நூல் இருந்தது.
முடிச்சு அவிழ்க்கவில்லை,
கத்தரியால் வெட்டியது.
மஞ்சள் துண்டு இன்னும் அதிலேயே.
யார் கத்தரி என்று
நூலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மொட்டை மாடியில் சட்டைகள் காய்கின்றன.
சிவப்பு வெளிறிக்கொண்டு வருகிறது.
நூலைத் தனியாக ஒரு கிளிப்பில் மாட்டியிருக்கிறேன்.
திருப்பித் தர வேண்டும்.
யாரிடம் என்று நாலாவது வரியில் இல்லை.
ஐந்தாவது வரி தொகையைப் பற்றியது.

ஏற்காட்டுப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது.
முதலில்
சட்டைகளை எடுக்கிறேன்.