இறுதி 3

மோல்மேனில் இப்போதெல்லாம்
இரவு பதினொன்றுக்கு மின்சாரம் வரும்,
மூன்றுக்குப் போகும்.
அதற்குள் குழந்தைவேலுவின் கருமாதிப் பத்திரிகையை
முடித்துவிடுவதாக வேலாயியிடம் சொல்லியிருந்தேன்.

எனக்குத் தெரிந்தது பயறுக் கிட்டங்கியின் கணக்கு.
மூட்டை, எடை, கழிவு, கூலி.
எங்கள் தெருவில் தமிழ் தட்டத் தெரிந்த விரல்
இந்தப் பத்துதான் என்பதால்
சாவும் என் பேரேட்டில் வந்து சேர்கிறது.

அச்சகத்தில் கேட்ட தொகைக்கு
பதினாறாம் நாள் சோற்றில் ஒரு மூட்டை அரிசி குறையும்.
அச்சடித்தாலும் யார் கையில் கொடுக்க?
சனம் எல்லாம் யங்கோனில், மே சொட்டில், கோலாலம்பூரில்.
போனில் போகிற கோப்பு போதும்,
யார் திறந்தாலும் ஒரே மாதிரி தெரிகிற
பி.டி.எஃப்.

முதலில் கிடைத்த மென்பொருள்
இலவசம் என்றுதான் சொன்னது.
வேலையெல்லாம் முடிந்து திறந்து பார்த்தால்
படத்தில் குழந்தைவேலுவின் நெஞ்சுக்குக் குறுக்கே,
உயிரோடு இருந்தவரை அவர் போடாத பூணூல் மாதிரி,
சாம்பல் நிறத்தில் ஒரு வரி:
சோதனைப் பதிப்பு. காசு கட்டி முழுமையாகப் பெறவும்.
வேலாயிக்குப் படிக்கத் தெரியாது.
"என்ன போட்டிருக்கு?" என்றாள்.
"சிவலோகப் பதவி" என்றேன்.

எதிர்வீட்டு கோ நெய் லின்
பென் டிரைவில் வேறொன்று கொண்டுவந்தான்.
எந்த ஊரோ, யாரோ நாலு பேர்
தூக்கம் கெட்டு எழுதிப் பொதுவில் விட்டது.
காசு கேட்காது. முத்திரை குத்தாது.
அச்சுப்பொறிகளின் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும்,
மை இல்லாமல், தாள் இல்லாமல்,
மேசையில் இடம் கேட்காமல்.
அச்சிடு என்றால்
எங்கே வைக்க என்று மட்டும் கேட்கும்.

வைத்தேன்.
பர்மிய வரி வட்டம் வட்டமாக அப்படியே இருந்தது:
ஊ தன் ஸின், அடையாள அட்டையில் உள்ள பெயர்.
தமிழ்ப் பெயர்தான் குலைந்திருந்தது.
"தை"யின் கொம்பு எழுத்தை விட்டுவிட்டு
ஒரு புள்ளிவட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
தனியே நின்றது,
படகைத் தவறவிட்டவன் மாதிரி.

ஒன்றரை மணி.
அமைப்புகளுக்குள் போய், அதற்குள் இன்னொன்றுக்குள் போய்,
கடைசியில் ஒரு சின்னக் கட்டம்:
எழுத்துருவையும் கோப்புக்குள் வை.
டிக் போட்டேன்.
இனி இரவல் உடம்பு தேட வேண்டாம்.
போய் இறங்கும் இடத்தில் தமிழே இல்லாவிட்டாலும்
தன் கொம்பை, காலை, சுழியை
எழுத்து தானே சுமந்துகொண்டு போகும்.
கொம்பு வந்து "த"வுக்கு முன்னால் நின்றது.

இறுதி என்று பெயர் வைத்தேன்.
கிழமை தப்பு.
இறுதி 2.
இரண்டு நாற்பதுக்கு அனுப்பினேன்.
வேலாயி முழங்காலில் தலை வைத்துத் தூங்கியிருந்தாள்.

மகள் ஞானசுந்தரிக்கு அங்கே
கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. காரியத்துக்கு வர முடியாது.
உடனே திறந்துவிட்டாள்.
"அக்கா, எழுத்து உடையவே இல்ல."
அப்புறம் வெகுநேரம்
தட்டிக்கொண்டிருப்பதாகவே காட்டியது.
"ஒண்ணு மட்டும்.
அப்பா கையெழுத்துல 'லு' இருக்காது. குழந்தைவேல்.
என் ரிப்போர்ட் கார்டுல
அந்தப் புள்ளிய அழுத்திக் குத்தி
அட்டையே ஓட்டையாயிடும்."

ஒரு சுழிதானே.
மூலக் கோப்பைத் திறக்கப் போனபோதுதான்
அதைச் சேமித்தேனா என்று நினைத்தேன்.
விசிறி நின்றது.
பேட்டரி செத்து இரண்டு வருஷமான மடிக்கணினி
கூடவே கண்ணை மூடியது.
மிச்சம் என் போனில் ஒளிர்ந்த அந்தப் பக்கம்,
எங்கே போனாலும் மாறாது என்று
நானே நம்பி அனுப்பிய பக்கம்.

"முடிஞ்சிருச்சா?" என்றாள் வேலாயி இருட்டில்.
"ஒரு புள்ளி பாக்கி" என்றேன்.