பாதிக் கடியில் வாய் திறக்காதது

புவெர்த்தோ மோன்ட்டில் மழை
எங்கள் பட்டறைத் தகரத்தை விட்டு இறங்குவதே இல்லை.
கொள்முதல் மேசை என்னுடையது.
நான் விலை படித்தவன்,
ஒயர் படித்தவன் அல்ல.

மார்ச்சில், கால்புகோ பக்கம் ஒரு மீன்பண்ணையில்
ஆக்சிஜன் பம்பு நின்றது, இரவு இரண்டேகாலுக்கு.
விடிந்தபோது சால்மன்கள்
வெள்ளை வயிறு காட்டிக் கிடந்தன,
யாரோ கூண்டு நிறையத் தட்டுகளைக் கவிழ்த்ததுபோல.
பேனல் நாங்கள் செய்தது.
கதவில் எங்கள் பெயர் ஒட்டியிருந்தது,
கொஞ்சமும் கோணாமல்.

பதினேழாம் டெர்மினலில் ஒரு கறுப்பு ஒயர்.
உறையை உரித்தபோதே
முப்பது இழைகளில் பதினொன்று அறுந்திருந்தன.
மிச்சத்தை ஃபெருலுக்குள் விட்டுச்
சாதாரணக் குறட்டால் நசுக்கியிருந்தார்கள்.
பார்த்தால் தெரியாது.
இழுத்ததும் வந்துவிட்டது, பால்பல் மாதிரி.

அந்தக் குறட்டை வாங்கியது நான்.
டஜன் விலையில்.

யெசேனியா பாரியெந்தோஸ் கத்தவில்லை.
மாதிரிக்கு வந்த கருவிகளையும்
ஒரு பை ஃபெருலையும் என் மேசையில் கொட்டினாள்.
"உட்கார். ஒவ்வொன்றிலும் நூறு போடு.
அப்புறம் விலை பேசு."

முதலில் உரிப்பது.
மஞ்சள் கைப்பிடிக்காரன் தானே கடித்துத் தானே இழுத்தான்,
எனக்குப் பிடித்திருந்தது.
அவள் ஓர் இழையைப் பிரித்து நகத்தை ஓட்டினாள்.
நகம் ஓரிடத்தில் நின்றது.
அங்கே மடக்கினாள், நிமிர்த்தினாள், மடக்கினாள்.
ஒடிந்தது.
இத்தனைக்கும் அதுதான் விலை கூடியது.
அளவுக்கொரு குழி வைத்த சாதாரணமானதைத்
தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.
குளிரில் உறை விறைத்தாலும்
இது செம்பைத் தொடாதாம்.

பிறகு அழுத்துவது.
ஒன்று சதுரமாக அழுத்தியது, ஒன்று அறுகோணமாக.
எது நல்லது என்றேன்.
"என்னைக் கேட்காதே, டெர்மினலின் வாயைக் கேள்."
வாய் வட்டமாக, ஒடுக்கமாக இருந்தது.
சதுரத்தின் மூலைகள் உள்ளே போக மறுத்தன.

அறுகோணத்தில் ராட்செட் இருந்தது.
கடிக்கத் தொடங்கினால் உடும்புப்பிடி;
முழுசாய் அழுத்தி முடிக்கும்வரை
விடாது, உன்னையும் விடவிடாது.
நாற்பதாவதில் எனக்கு மணிக்கட்டு வலித்தது.
எண்பதில் பென்சிலைக்கூட எடுக்க முடியவில்லை.
அவர்கள் ஒரு நாளைக்கு அறுநூறு போடுகிறார்கள்.

"கொடு" என்று வாங்கிக் கைப்பிடியை விரித்தாள்.
அவள் சுண்டுவிரல் எட்டவில்லை.
"இதைச் செய்தவனுக்கு
என் கை இருப்பதே தெரியாது."
ஒன்பது பேரில் ஆறு பேர் பெண்கள்.
எத்தனையோ வருஷமாகச் சம்பளம் எழுதுகிறேன்,
எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

பழைய ஆர்டர் தாள்களின் பின்புறம்
ஒன்பது உள்ளங்கைகளையும் வைத்து வரைந்தேன்.
கிரீஸ் பட்ட விளிம்புகள்,
மீரேயாவின் மடங்காத மோதிரவிரல்.
வல்பரைசோ வியாபாரிக்கு அனுப்பினேன்.
போனில் சிரித்தான்.
அடுத்த வாரம் சிறிய கைப்பிடி வந்தது,
கூடவே பெரிய பில்லும்.

படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்,
கட்டைவிரல் அகலம்.
மீன்கள் அதில் அடங்கா.
பாதிக் கடியில் வாய் திறக்காது, என்று எழுதினேன்.
முதலாளி இரண்டு முறை படித்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டார்.

இப்போதும் அவள்
அழுத்திய ஒவ்வொரு ஒயரையும்
ஒருமுறை இழுத்துப் பார்க்கிறாள்.
கருவிமேல் நம்பிக்கையில்லையா என்றேன்.
"வாங்கினவன்மேல்" என்றாள்,
தலை தூக்காமல்.

பழைய குறடுகள் பன்னிரண்டும்
மரப்பெட்டிகளில் ஆணி பிடுங்கப் போய்விட்டன.
அதற்கு அவை நல்லவைதான்.