ஜூலைக்கு ஒரு படம்

கடைக் கலண்டருக்குப் பன்னிரண்டு படம் வேணுமாம்.
"பழைய கொழும்பு. ஆக்கள் இல்லாததாப் பாருங்க.
ஆளிருந்தா ஆரெண்டு கேப்பாங்க"
என்கிறார் நிஸ்தார் ஹாஜியார்,
மூன்றாம் குறுக்குத் தெருவில்
ஆணியும் தாழ்ப்பாளும் விற்பவர்.

சப்பாத்துப் பெட்டி நிறையத் தெருக்கள்.
ஒவ்வொன்றாய் எடுத்து
ஸ்கேனர் கண்ணாடியில் குப்புறக் கிடத்துகிறேன்.
அடியில் வெளிச்சம் ஊர்ந்து போகிறது.

மெயின் வீதி. பட்டப்பகல். வெறிச்சோடிக் கிடக்கிறது.
அந்தக் காலத்துக் கமெராவுக்கு அவசரம் தெரியாது;
நடந்து போன அத்தனை பேரையும் விட்டுவிட்டது.
நின்றவர்கள்தான் மிச்சம்:
மூட்டையை இறக்கி இடுப்பில் கைவைத்த ஒரு நாட்டாமை,
தூங்குகிற நாய்,
வண்டி மாடு ஒன்று.
உடம்பெல்லாம் தெளிவு, தலை மட்டும் புகை.
ஈ விரட்டியிருக்கும்.

இது ஜனவரி.

சம்மாங்கோட்டுப் பள்ளியின் சிவப்பு
கறுப்பு வெள்ளையில் வெறும் வரிகளாய்: மார்ச்.
மணிக்கூட்டுக் கோபுரம் இரண்டு படத்தில்,
நடுவே முப்பது வருஷம்.
இரண்டிலும் நாலேகால்.
எதை எடுத்தாலும் ஒன்றுதான், மே.

பெட்டியின் அடியில் ஒரேயொரு நிறப்படம்.
அதே மெயின் வீதி, அதே வளைவு.
கூரையில்லாத ஐந்து கடைகள்.
உள்ளே வானம் நிற்கிறது, வாடிக்கையாளர் மாதிரி.
பாதி எரிந்த பலகையில்
"...லிங்கம் அன் சன்ஸ்."
பின்னால் பென்சிலில் ஒரு திகதி.

இந்தக் கமெரா வேகமானது.
நடந்தவரையோ ஓடியவரையோ விட்டிருக்காது.
ஆனாலும் தெருவில் ஒருவருமில்லை.

மாதம் பொருந்துகிறது.
அவர் கேட்டபடி ஆளும் இல்லை.

கொண்டுபோய்க் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் போட்டார்.
"இந்தப் பக்கம் எங்கட வாப்பாட கட.
நடுவில ஒரு சுவர்தான்.
அவங்கட ரேடியோவிலதான் நாங்க நியூஸ் கேப்பம்."
கல்லாவில் ஆரோ சில்லறை கேட்டார்கள்.
எண்ணிக் கொடுத்தார், ஐந்து ரூபாய் கூட.
பிறகு படத்தைச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு,
"ஜூலைக்கு ட்ராமப் போடுங்க."

போட்டேன்.
கிராண்ட்பாஸ் ட்ராம், படி காலி என்றுதான் நினைத்தேன்.
பெரிதாக்கியபோது
கைப்பிடியருகே ஒரு வெள்ளைப் புகை,
அதன் கீழே
தெளிவாக ஒரு பாதம், தரையில்.

"அக்கா, இது ஊத்தையா? அழிச்சிடவா?"
டிசைன் செய்கிற ருக்ஷான், மௌசில் விரல்.

விடு, என்றேன்.
ஏறட்டும்.