இரும்பு குறைவு

வாடகை மலிவு என்பதால் புதுப்பேட்டையில்
ஒரு பழைய அம்பாசிடரின் தலைக்கு மேல் குடியிருக்கிறேன்.
கீழே ஜபருல்லாவின் கடை.
காலை ஒன்பதுக்குச் சுத்தியல் தொடங்கும்.
அப்போதுதான் நான் படுக்கப் போவேன்.

என்ன வேலை என்று கேட்பவர்களிடம்
நட்சத்திரம் பார்க்கிறேன் என்பதை நிறுத்திவிட்டேன்.
உடனே பிறந்த நேரம் சொல்கிறார்கள்.
உண்மையில் வானம் பார்த்தே நாளாகிறது.
கூவத்தின் மேல் தேங்கிய ஆரஞ்சு மங்கலில்
வியாழன் தெரிந்தால் பெரிது.
சிலியின் ஏதோ மலையில் கண்ணாடி திறக்கிறது;
அது சேர்த்த ஒளி எண்களாகி
இரவு இரண்டு மணிக்கு என் மடிக்கணினியில் இறங்குகிறது,
எதிர்வீட்டுக்காரர் படம் பார்த்து முடித்து
இணையம் வேகம் பிடிக்கும் நேரத்தில்.

நான் தேடுவது ஒரு குறையை.
நட்சத்திரத்தின் ஒளியை விரித்தால்
இரும்பு தின்ற இடமெல்லாம் கறுப்புக் கீறல்.
சூரியனில் எண்ணி மாளாது.
ஆதிநாள் நட்சத்திரங்களில் மெலிந்துகொண்டே போகும்.
முதல் தலைமுறை வெடித்து
உலைச் சாம்பலை இறைத்த கையோடு பிறந்தவை அவை:
கொஞ்சம் ஹீலியம், நிறைய ஹைட்ரஜன்,
வெற்றிலைக்குத் தடவும் அளவுகூட இல்லாத சுண்ணாம்பு.
எங்கள் துறையில் கரியும் ஆக்சிஜனும்கூட உலோகம்தான்.
இதைச் சொன்னபோது ஜபருல்லா
அலுமினியத் துண்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்:
"அப்போ மூச்சையும் தராசுல போடலாம்."

போன வாரம் ஒன்று அகப்பட்டது.
சூரியனில் பத்தாயிரம் பங்கு இரும்பென்றால் இதில் ஒன்று.
மூன்று இரவு நம்பவில்லை.
முதல் இரவு என்னைத் துள்ளவைத்த கூர்முனை
கருவியில் மோதிய காஸ்மிக் கதிர். கழித்தேன்.
சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி நின்ற இன்னொரு கோடு
வழியில் கிடந்த வாயுவினுடையது. கழித்தேன்.
மிச்சம் நின்றது.

பிறகு அதன் போக்கைக் கணித்தேன்.
பால்வழியின் தட்டே ஒரு பக்கம் சுழல
இது எதிர்ப்பக்கம் போகிறது,
ஒருவழித் தெருவில்
சைலன்சர் ஏற்றிவரும் மீன்பாடி வண்டி போல.
இங்கே பிறந்ததல்ல.
பால்வழி விழுங்கிய ஒரு சிறு கூட்டத்தின் ஆள்.
எண்ணூறு கோடி ஆண்டாகியும் நடையை மாற்றவில்லை.
நேரே போகும் சாலை சட்டென்று
ஒரு கோயில் குளத்துக்காக வளையும்போது
வேளச்சேரி தனி ஊராயிருந்தது தெரியுமே,
அப்படித் தெரிந்தது.

ஜபருல்லாவிடம் இதற்கெல்லாம் வியப்பில்லை.
எண் தேய்ந்த இன்ஜினைத் தட்டிப் பார்த்து
எந்த வண்டியில் பிறந்தது, எதில் ஏறியது,
எத்தனை கை மாறியது என்பார்.
எப்படித் தெரியும் என்றேன்.
"பாதி குத்துமதிப்பு."
என்னுடையதில் எவ்வளவு என்று நான் சொல்லவில்லை.

இதற்கிடையில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது.
எட்டு புள்ளி நான்கு.
"உடம்புல இரும்பே இல்லையே,
ராத்திரியில என்னதான் பண்றீங்க?"
டாக்டர் செண்பகவல்லியிடம் விளக்க வரவில்லை.
சிவப்பு மாத்திரை, தினம் ஒன்று, காபியோடு கூடாது.
கறுப்பாகப் போகும், பயப்படாதீங்க என்றான் மருந்துக்கடைப் பையன்.
செத்த நட்சத்திரத்தை விழுங்குகிறேன் என்று
இங்கே எழுதலாம்தான். பலரும் எழுதியாயிற்று.
எனக்குத் தொண்டையில் ஒட்டியது, அவ்வளவுதான்.

இன்று காலை அம்பாசிடரை அறுத்தார்கள்.
பொறி ஜன்னல்வரை ஏறியது.
தலையணையில், நாக்கில், இரும்பின் வாசனை.
தூங்காமல் கட்டுரையின் பிழைவரம்பை
மூன்றாம் முறை திருத்திக்கொண்டிருந்தேன்.
கீழே எடைக்கல் விழுந்தது.
"எவ்ளோ?" என்று யாரோ கேட்டார்.
"இருப்பா," என்றார் ஜபருல்லா,
"இன்னும் துருவைத் தட்டல."